தண்ணீரா, மீடியமா, ரிட்டார்டரா: சின்னப் பொம்மைக்குப் பெயிண்டை எதில் இளக்குவது

அக்ரிலிக் பெயிண்டை எதை ஊற்றி இளக்குவது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்கிறார்கள், பத்தும் அவரவர் ஊரில் சரியாகத்தான் இருக்கும். குளிர் நாட்டில் ஜன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்து பெயிண்ட் அடிக்கிறவருக்கு ஒத்துவந்த கலவை, செங்கோட்டையில் சித்திரை மாதம் மத்தியானம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒத்துவராது. அந்தச் சித்திரைக் கலவையே ஆனி பிறந்து சாரல் இறங்கிய பிறகு எனக்கு உதவாது. இது பிடிபட இரண்டு வருஷம் ஆனது, நிறையப் பொம்மைகளும் பாழாயின. அடுத்தவருக்கு அந்த இரண்டு வருஷமாவது மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

நான் செய்துகொண்டிருப்பது மீட்டர் கேஜ் காலத்துச் செங்கோட்டை ஸ்டேஷன் பிளாட்பாரம், 1:87 அளவில். ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கு மலையேறி இறங்கிய அந்தச் சின்ன வண்டி 2010-ல் நின்றது, அகலப்பாதை முழுதாகத் திறந்தது 2018-ல். இந்த அளவில் மீட்டர் கேஜ் தண்டவாளத்துக்கு இடைவெளி 12 மில்லிமீட்டர், ஐந்தரை அடி ஆள் ஒருவர் 19 மில்லிமீட்டர், அவர் முகம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ரெசினில் 3டி பிரிண்ட் எடுத்த ஆட்கள்: சிவப்புச் சட்டை போர்ட்டர், டீத் தூக்குக்காரர், பூக்கூடை அக்கா, நேந்திரங்குலையை இறக்கிவைத்துவிட்டு நிற்கிறவர், அப்புறம் புனலூர்ப் பக்கமிருந்து வந்திறங்கிய, தங்கக் கரை போட்ட வெள்ளைக் கேரளத்து உடையான செட்டுமுண்டு கட்டின அம்மா ஒருவர். இவ்வளவு சின்ன உடம்பில் பெயிண்ட் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு உட்கார்ந்தாலும் நிஜ ஆள்மேல் ஒன்பது மில்லிமீட்டருக்குச் சுவர்ப் பூச்சு பூசின மாதிரி. சட்டை மடிப்பு எல்லாம் மூடிப்போகும். அதனால் இளக்காமல் அடிப்பது என்ற பேச்சே கிடையாது. 28, 32 மில்லிமீட்டர் போர்வீரர் பொம்மை செய்கிறவர்களுக்கும் இதே கதைதான், அவர்களுக்கு இடம் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான்.

முதலில் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அக்ரிலிக் பெயிண்ட் என்றால் தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய பிளாஸ்டிக் துகள், அதோடு நிறமித் தூள். பாலில் கொழுப்பு கரையாமல் மிதக்கிறதே, அப்படி. தண்ணீர் ஆவியாகப் போகப் போகத் துகள்கள் நெருங்கி, ஒன்றை ஒன்று அமுக்கி ஒட்டிக்கொண்டு ஒரே தோலாகிவிடும். அப்புறம் அதன்மேல் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. ஓவியர்களுக்கான தண்ணீர் அக்ரிலிக் 1955 வாக்கில் அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் வந்தது, இன்றைக்குப் பொம்மைக்கென்று தனியாக வருகிற வல்லேஹோ, சிட்டாடல் எல்லாமும் அடிப்படையில் அதே வழிதான். துகள் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சரக்கு, நுரைக்காமல் இருக்க ஒன்று, கெட்டிக்கு ஒன்று, பூஞ்சை வராமல் இருக்க ஒன்று என்று அளவு பார்த்துப் போட்டிருப்பார்கள். நாம் எதை ஊற்றினாலும் அந்த அளவு மாறுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் 'பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது' என்று நாம் சொல்லுகிற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனி வியாதி இருக்கிறது. ஒன்று, நிறம் அடர்த்தி அதிகம், மெல்லிய சாயலாக வேண்டும். இரண்டு, பெயிண்ட் ஓடமாட்டேன் என்கிறது, தூரிகையிலிருந்து இறங்கவில்லை, இறங்கினாலும் பரவாமல் திரண்டு நிற்கிறது. மூன்று, காய்கிற வேகம் அதிகம், இரண்டு நிறத்தைக் குழைப்பதற்குள் இறுகிவிடுகிறது. முதலாவதற்கு மீடியம், இரண்டாவதற்கு ஃப்ளோ இம்ப்ரூவர், மூன்றாவதற்கு ரிட்டார்டர். மூன்றுக்கும் தண்ணீரையே ஊற்றுகிறவர்கள் உண்டு, மூன்றுக்கும் 'தின்னர்' என்று எழுதின ஒரு புட்டியை ஊற்றுகிறவர்களும் உண்டு. எது வியாதி என்று பார்க்காமல் மருந்து மாற்றிக்கொண்டே இருந்தால் தீராது.

தண்ணீரிலிருந்து ஆரம்பிப்போம். தண்ணீர் மோசம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பெயிண்டில் ஏற்கெனவே இருப்பது தண்ணீர்தான், நாலு சொட்டுப் பெயிண்டுக்கு ஒன்றிரண்டு சொட்டு கூடச் சேர்வதால் எதுவும் கெட்டுப்போகாது. கீழே மேட் பிரைமர், அதாவது பளபளப்பில்லாத அடிப்பூச்சு, அடித்திருந்தால் சரிக்குச் சரி தண்ணீர்கூடத் தாங்கும். அதைத் தாண்டும்போதுதான் இரண்டு சங்கடம். ஒட்டுகிற பிளாஸ்டிக் துகள் ரொம்பப் பரவலாகிவிடுவதால் காய்ந்த தோல் பலமில்லாமல், விரல் பட்டால் பொடியாக வருகிற மாதிரி ஆகிறது. இரண்டாவது, திட்டுத் திட்டாகக் காய்கிறது. மேஜையில் காபி சிந்திக் காய்ந்தால் நடுவில் வெளுத்து ஓரத்தில் மட்டும் கறுப்பு வளையம் நிற்குமே, அதே விஷயம். சொட்டின் ஓரம் முதலில் காய்கிறது, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது, போகிற போக்கில் துகளையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே குவிக்கிறது. 1997-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்தக் காபி வளையத்துக்குக் காரணம் சொன்ன கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. போர்ட்டர் முதுகில் வரும் வளையத்துக்கும் காரணம் அதேதான்.

தண்ணீரில் எந்தத் தண்ணீர் என்பதும் இருக்கிறது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் கறுப்பு என்ஜின் மேல் மெல்லிய கோட் காய்ந்ததும் சாம்பல் பூத்த மாதிரித் தெரிகிறது. கெட்டியாக அடிக்கும்போது தெரியாது, நீர்மோர் பதத்துக்கு இளக்கினால் தெரியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் கேன் வாங்கி வைத்தேன், அந்தத் தொல்லை அன்றோடு விட்டது. வாங்கும்போது ஆசிட் கலக்காத வெறும் தண்ணீர்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் போதும்.

அடுத்தது மேட் மீடியம், என் கட்சி. மீடியம் என்றால் நிறமி போடாத பெயிண்ட், அவ்வளவுதான். அதே பிளாஸ்டிக் துகள், அதே தண்ணீர், பளபளப்பை அடக்க நுண்ணிய சிலிக்கா மாதிரி ஒரு தூள். இதைக் கலந்தால் நிறம் மட்டும் நீர்க்கிறது, ஒட்டுகிற பலம் குறைவதில்லை. தண்ணீர் ஒன்றுக்கு நாலாக ஊற்றினால் பெயிண்ட் செத்துப்போகும், மீடியம் ஒன்றுக்கு நாலாக ஊற்றினாலும் தோல் முழுசாகவே இருக்கும். கன்னத்தில் லேசாகச் சிவப்பு ஏற்ற, வேட்டியின் மடிப்பில் நிழல் விழ வைக்க, மேல்மேலாக ஆறேழு மெல்லிய கோட் போட வேண்டியிருக்கும்போது இதற்கு ஈடு கிடையாது. சிட்டாடலில் லாமியன் மீடியம் என்று வருவதும், வல்லேஹோவில் மேட் மீடியம், கிளேஸ் மீடியம் என்று வருவதும் இந்த ஜாதிதான். ஓவியப் பொருள் கடையில் பெரிய டப்பாவாகக் கிடைக்கிற ஓவியர் மீடியமும் வேலை செய்யும், கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அதைத் தண்ணீரில் இளக்கிக்கொண்டால் சரி. மில்லிக் கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம்.

இதற்கும் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் பளபளப்பை அடக்குகிற தூள் கோட்டுக்குக் கோட் சேர்ந்துகொண்டே போகும். வெளிர் நிறத்தில் தெரியாது. கறுப்பில், கரும்பச்சையில், அடர் நீலத்தில் ஐந்தாவது கோட் வாக்கில் பாலாடை படிந்த மாதிரி மங்கல் வரும். என்னுடைய முதல் என்ஜின் கொதிகலன் இப்படித்தான் வெளிறியது, நான் உப்புத் தண்ணீர் மேல் பழி போட்டு ஒரு மாதம் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அடர் நிறத்துக்கு பளபளப்பு மீடியத்தில் இளக்கி அடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு மேட் வார்னிஷ் கோட்டில் பளபளப்பை அடக்கிவிடுகிறேன்.

சரி, ஃப்ளோ இம்ப்ரூவர். ஃப்ளோ எய்ட் என்றும் வரும். தாமரை இலைத் தண்ணீர் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு உருண்டை உருண்டையாக நிற்கும். ரெசின் பொம்மையில், பிரைமர் கொஞ்சம் வழுவழுப்பாக விழுந்த இடத்தில், இளக்கின பெயிண்ட் அப்படியேதான் செய்யும். இந்தப் பரப்பு இழுவிசையைக் குறைப்பதுதான் ஃப்ளோ இம்ப்ரூவரின் வேலை, சோப்பு ரகத்தைச் சேர்ந்த ஒரு சரக்கு. நிறத்தையும் அது நீர்க்கச் செய்வதில்லை, காயும் நேரத்தையும் நீட்டுவதில்லை. தூரிகை நுனியிலிருந்து பெயிண்ட் இழுபடாமல் இறங்கும், இரட்டைச் சுழி (00) எண் தூரிகைக்கு ஒரே கோடு நீளமாக வரும்.

அளவு இதில் உயிர். லிக்விடெக்ஸ் ஃப்ளோ எய்டை அப்படியே பெயிண்டில் ஊற்றக்கூடாது, ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் சேர்த்து, அந்தத் தண்ணீரைத்தான் பெயிண்ட் இளக்கப் பயன்படுத்த வேண்டும். வல்லேஹோவின் ஃப்ளோ இம்ப்ரூவர் அவ்வளவு காரம் கிடையாது, சொட்டாக விடலாம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரே அளவில் ஊற்றினால் வம்பு. அதிகமானால் பெயிண்ட் நிற்க வேண்டிய மேட்டில் நிற்காது, பள்ளம் பார்த்து ஓடி, மூக்கு வெளுத்துக் கண் குழியில் குளம் கட்டும். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரைந்து வரும், ஏனென்றால் தண்ணீர் போய்விட்டாலும் அந்தச் சோப்புச் சரக்கு அங்கேயே தங்கிவிடுகிறது. நான் ஒரு பழைய மை டிராப்பர் புட்டியில் 1-க்கு 20 தண்ணீரைக் கலந்து வைத்திருக்கிறேன். இதில் ஒரு சின்ன விஷயம்: இந்தத் தண்ணீரின் சொட்டு சாதாத் தண்ணீரின் சொட்டைவிடச் சிறிதாக விழும், இழுவிசை குறைந்ததால். அதனால் சொட்டு எண்ணி அளக்கிற ஆட்கள் இரண்டையும் ஒரே அளவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குச் சந்தேகம் வந்தால் ஊசி மாற்றின ஒரு மில்லி சிரிஞ்சில் அளந்துவிடுகிறேன்.

புனலூரில் இருக்கிற என் அக்கா மகனுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு, அவன் போர்வீரர் கட்சி. போன ஓணத்துக்கு வந்தபோது, "மாமா, எதுக்கு இதுக்குப் போய்க் காசு, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு போட்டா இதே வேலைதானே செய்யும்?" என்று கேட்டான். பாதி சரி. இழுவிசையைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் அதில் எலுமிச்சை வாசனை, பச்சைச் சாயம், கெட்டிக்கு உப்பு எல்லாம் சேர்ந்திருக்கிறது, நுரைக்க வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரைமர் அடித்த ஸ்பூனில் அடித்துப் பார்த்தோம். லிக்விட் போட்ட ஸ்பூனில் முதல் கோட் பரவாயில்லை, குண்டூசித் தலை அளவுக்கு மூன்று நாலு குமிழி, அவ்வளவுதான். அதன்மேல் அடுத்த கோட் வைத்தபோதுதான் அங்கங்கே பெயிண்ட் விலகி வட்ட வட்டமாகக் கண் திறந்தது. "சரி மாமா, வாங்கிடலாம்" என்றான். ஒரு சின்னப் புட்டி வாங்கினால் 20 மடங்காகப் பெருகுகிறதே, வருஷக்கணக்கில் வரும்.

ரிட்டார்டர்தான் எங்கள் ஊர் ஆட்கள் முதலில் தேடி ஓடுவது, ஏனென்றால் எங்கள் வலி அதுதான். பங்குனி, சித்திரையில் பெயிண்ட் எடுத்துப் பொம்மைக்குக் கொண்டுபோவதற்குள் தூரிகை நுனியில் ஆடை கட்டிவிடும். ரிட்டார்டரில் பெரும்பாலும் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால் மாதிரி மெதுவாக ஆவியாகிற திரவம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, இது 188-ல். அது உள்ளே இருக்கிறவரை துகள்கள் நெருங்கி ஒட்ட முடியாமல் காத்திருக்கும், உங்களுக்குக் குழைத்து முடிக்க நேரம் கிடைக்கும். கன்னத்து நிழலை ஈரத்தோடு ஈரமாகச் சேர்த்துக் குழைப்பவர்களுக்கு இது வரம். ஆனால் பெயிண்டின் அளவில் பத்திலொரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கூடினால் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும், அதைவிட மோசம், மேல் தோல் காய்ந்த மாதிரி காட்டிவிட்டு உள்ளே காயாமல் இருக்கும், அடுத்த கோட் தூரிகை போகும்போது கீழ்க் கோட்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

இதோடு சேர்த்துக் கிளிசரின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரிட்டார்டருக்குப் பதில் கிளிசரின் போடலாம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், நானும் கேட்டேன். மெடிக்கல் கடை அண்ணாச்சியிடம் கிளிசரின் கேட்டதும், "உதட்டுக்கா, காலுக்கா?" என்றார். பெயிண்டுக்கு என்றதும் புரியாமல் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். மே மாதக் கடைசியில் அதை ஒரு சொட்டு கலந்து ஆறு போர்ட்டர்களுக்குச் சிவப்புச் சட்டை அடித்தேன். அன்றைக்கு அருமையாக இருந்தது, ஒரு கோடு இல்லை, தூரிகைத் தடம் இல்லை, நேரம் எடுத்து மடிப்பெல்லாம் குழைத்தேன். ஒரு வாரத்தில் காற்று திரும்பி, கணவாய் வழியாகச் சாரல் வந்தது. பத்தாம் நாள் ஒரு போர்ட்டரை எடுத்துத் தலையில் பெட்டி வைக்கப் போனேன், கட்டைவிரல் ரேகை சுழி சுழியாக அவர் முதுகில் பதிந்துவிட்டது. மற்ற ஐந்து பேர்மேலும் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் ஈரப் பிசின். மேலே வார்னிஷ் அடித்தால் அடைத்துக்கொள்ளும் என்று ஒருவருக்கு மட்டும் அடித்தேன், அது சுருங்கி, வறண்ட குளத்து மண் மாதிரி வெடித்தது.

காரணம் எளிது. கிளிசரின் 290 டிகிரியில் கொதிக்கிற சரக்கு, நம் வீட்டுச் சூட்டில் அது ஆவியாகி வெளியே போவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உதட்டு வெடிப்புக்கு அது நல்லதே அந்தக் குணத்தால்தான். வருஷம் முழுக்க வறண்ட காற்று அடிக்கிற ஊரில் ஒருவேளை தப்பிக்கலாம், ஆடி வரை சாரல் அடிக்கிற ஊரில் வழியில்லை. காருக்கு ஊற்றுகிற கூலண்டில் கிளைக்கால் இருக்கிறதே, அதை ஊற்றலாமா என்றும் ஒருவர் என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. அதில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கிற விஷம். தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்தையும் விடச் சொல்வேன், நிறமிகளிலும் விஷமுள்ளவை உண்டு.

ஸ்பிரிட், அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமியாவின் அக்ரிலிக்குக்கு அது ஒத்துப்போகும், அந்தப் பெயிண்டே ஆல்கஹால் ரகக் கரைப்பானில் செய்தது, அதற்கென்று எக்ஸ்-20ஏ என்ற தின்னரும் இருக்கிறது. தூரிகையால் அடிக்கிற தண்ணீர் அக்ரிலிக்கில் அதை ஊற்றினால் பால் திரிந்த மாதிரி திரிதிரியாகும், பெயிண்டைக் காற்றில் பீய்ச்சி அடிக்கிற ஏர்பிரஷுக்குள் அப்படி ஆனால் கழுவி எடுக்க அரை நாள் வேலை. காய்ந்த பெயிண்டை உரிக்க, பிரிண்ட் எடுத்த பொம்மையைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு பக்கத்தில் இல்லாமல். ஏர்பிரஷுக்கு அந்தந்தக் கம்பெனியின் ஏர்பிரஷ் தின்னரே வாங்கிவிடுவது நல்லது, அதில் இளக்குவதும் ஓட வைப்பதும் காய்வதைத் தள்ளிப்போடுவதும் ஏற்கெனவே கலந்தே வருகிறது. தூரிகைக்கு அந்த மூன்றும் ஒரே நேரத்தில் தேவைப்படுவது குறைவு.

இப்போது நான் ரிட்டார்டரை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதற்குக் காரணம் ஒரு ஸ்வீட் டப்பா. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அடியில் பாத்திரம் துடைக்கிற ஸ்பாஞ்சுத் துணி ஒன்றை நனைத்து விரித்து, மேலே பேக்கிங் பேப்பர். இதுதான் வெட் பேலட். கீழிருந்து ஈரம் மெல்லக் கசிந்து மேலே வருவதால் பெயிண்ட் மணிக்கணக்கில் ஆடை கட்டாது, மூடி வைத்தால் அடுத்த நாளும் இருக்கும். பேப்பர் விஷயத்தில் கவனம். மளிகைக் கடையில் பட்டர் பேப்பர் என்று கொடுப்பதில் மெழுகு பூசினதும் உண்டு, அதில் ஈரம் ஏறாது. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், சுருண்டு நெகிழ்ந்து ஈரமாகியிருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. சாரல் காலத்தில் ஸ்பாஞ்சில் பூஞ்சை வாடை வந்துவிடும், நான் ஒரு துண்டு செம்புக் கம்பியைச் சுருட்டி உள்ளே போட்டிருக்கிறேன், துணியையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசுகிறேன்.

அதற்கு முன்னால் ஃபேன். ரிட்டார்டர் வாங்குவதற்கு முன்னால் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு அரை மணி நேரம் அடித்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வியர்க்கும், தாங்க முடியாதுதான். மேஜையைச் சுவர் மூலைக்கு நகர்த்தி, காற்று முதுகில் படுகிற மாதிரியும் பேலட்டில் படாத மாதிரியும் வைத்ததே எனக்கு ஒரு புட்டி ரிட்டார்டர் அளவுக்கு வேலை செய்தது.

ஆக, இன்றைக்கு ஒருவர் என்னிடம் வந்து ஒரே ஒரு புட்டி வாங்கக் காசு இருக்கிறது, எதை வாங்க என்றால் மேட் மீடியம் என்பேன், கூட டிஸ்டில்டு வாட்டர். இரண்டாவது புட்டிக்கு இடமிருந்தால் ஃப்ளோ இம்ப்ரூவர். வெட் பேலட் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்கப்புறமும் குழைக்க நேரம் போதவில்லை என்றால் மட்டும் ரிட்டார்டர், அதுவும் முகத்துக்கும் துணி மடிப்புக்கும் மட்டும், முழு உடம்புக்கு வேண்டாம். கிளிசரின், பாத்திர லிக்விட், ஸ்பிரிட் மூன்றும் எங்கள் ஊருக்கு வேண்டாம். கைவேலைக் கடையில் கிடைக்கிற பெரிய புட்டிப் பெயிண்ட் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பானைக்கும் துணிக்கும் என்று செய்வதில் நிறமி கொஞ்சம் முரடாக இருக்கும், இளக்க இளக்க அந்த முரடு வெளியே தெரியும். அதில் தண்ணீரைக் குறைத்து மீடியத்தைக் கூட்டுங்கள், மண் மண்ணாகத் தெரிவது ஓரளவு அடங்கும்.

என் கணக்கு இப்படி இருக்கிறது. சித்திரையில் அடிக்கோட்டுக்கு: பெயிண்ட் நாலு சொட்டு, மீடியம் ஒன்று, ஃப்ளோ தண்ணீர் இரண்டு, பால் பதம் வரும். நிழல் கோட்டுக்கு: பெயிண்ட் ஒன்று, மீடியம் மூன்று, ஃப்ளோ தண்ணீர் இரண்டு, நீர்மோர் பதம். முகத்துக்கு மட்டும் இதில் ரிட்டார்டரைப் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு ஒரு தடவை. சாரல் வந்துவிட்டால் ரிட்டார்டர் அலமாரிக்குப் போய்விடும், தண்ணீரையும் பாதியாகக் குறைத்து அந்த இடத்துக்கு மீடியம் போடுவேன், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் அவசரப்படாமல் ஒரு மணி நேரம் விடுவேன். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம். பெயிண்ட் பதம் பார்க்கக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் போதும். கோடு கோடாகவே நின்று, கீழே நகம் லேசாகத் தெரிந்தால் அடிக்கலாம். ஓரம் பிசிறி நகச் சதைக்குள் ஓடினால் தண்ணீர் அதிகம், அல்லது ஃப்ளோ அதிகம்.

செட்டுமுண்டு அம்மாவை இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன், போன மாதம்தான் முடித்தேன். வெள்ளை நேரடியாக அடிக்கக்கூடாது, டைட்டானியம் வெள்ளை இளக்கினால் சுண்ணாம்பு மாதிரி திட்டுப் போடும். முதலில் வெளிர் பழுப்புச் சாம்பல் அடித்து, அதன்மேல் தந்த நிறத்தை மீடியத்தில் இளக்கி நாலு கோட், மடிப்பின் மேட்டில் மட்டும் கடைசியாக வெள்ளை. அது சரியாக வந்தது. கசவுக் கரைதான் தகராறு. அரை மில்லிமீட்டர் அகலம், தங்க நிறம். தங்கப் பெயிண்டில் இருப்பது மினுமினுக்கிற தட்டைத் துகள், தண்ணீர் ஊற்றினால் துகள் தனியாகவும் நீர் தனியாகவும் பிரிந்து, கரை தங்கமாக இல்லாமல் மஞ்சள் தண்ணீரில் ஜிகினா மிதந்த மாதிரி வந்தது. மேட் மீடியம் ஊற்றினேன், பிரியவில்லை, ஆனால் மினுமினுப்பு போய்ப் பித்தளைத் துரு நிறமாகிவிட்டது, அந்தப் பளபளப்பை அடக்குகிற தூள் தன் வேலையைச் செய்துவிட்டது. மூன்றாவது தடவை பளபளப்பு மீடியம் ஒரு சொட்டு, தங்கம் இரண்டு சொட்டு, தண்ணீர் துளியும் இல்லை. தூரிகையைப் பக்கவாட்டில் சாய்த்து, நுனியால் எழுதாமல் வயிற்றால் முந்தானை விளிம்பைத் தொட்டுக்கொண்டே ஒரே இழுப்பு. தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே கோடாக இறங்கியது. மேட் வார்னிஷ் அடிக்கும்போது அந்தக் கரையின்மேல் படாமல் சுற்றி அடித்தேன்.